பால்பவுடர் டின் வேண்டாம், பணமாகக் கொடுங்கள்

எங்காவது வெள்ளம், போர், அகதிகள் என்று செய்தி வந்தால் போதும், நம்ம குமரி மாவட்டத்தில் ஏதாவதொரு தேவாலயப் பங்கிலோ கல்லூரியிலோ மறுநாளே சேகரிப்பு தொடங்கிவிடும். சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்த மாவட்டம், ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்துக் கிடந்த மாவட்டம். கொடுக்கிற மனசுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. ஆனால் வந்து குவிவது என்ன? பழைய துணி மூட்டை, பிஸ்கட், கைக்குழந்தைகளுக்கென்று பால்பவுடர் டின். இதையெல்லாம் விட்டுவிட்டு நிவாரண அமைப்புகளிடம் பணமாகக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பால்பவுடரில் இருந்தே தொடங்குகிறேன், அது உயிர் போகிற விஷயம்.

முகாமில் ஒரு தாய் கையில் டின் கிடைக்கிறது. கலக்குவதற்குக் கொதித்து இறங்கிய, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தண்ணீர் வேண்டும். விறகோ கேஸோ அங்கே இருக்காது. பாட்டிலைக் கொதிக்க வைத்துக் கழுவ வழியில்லை. ஆறு மாதம் வரை டின் பாலையே நம்பியிருக்கும் குழந்தைக்குச் சுமார் 20 கிலோ பவுடர் தேவை. நாம் கொடுத்ததோ ஒரு டின். அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று அவள் தண்ணியாகக் கலக்குவாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இதற்குள் குழந்தை மார்பில் சப்புவது குறைந்து தாய்ப்பாலும் வற்றிவிடும். டின் தீர்ந்த அன்று இரண்டும் இல்லை. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, நன்கொடை பால்பவுடர் கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைக்குழந்தைப் பால்மாவையும் பால் பாட்டிலையும் அநாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கவே கூடாது. இது தெரியாமல் எத்தனை சேகரிப்புப் பட்டியலில் பால்பவுடர் முதல் வரியிலேயே இருக்கிறது!

அப்போ யுனிசெஃப் போன்றவர்கள் என்னதான் செய்கிறார்கள்? தாய்மார்கள் மறைவாக உட்கார்ந்து பாலூட்ட ஒரு கூடாரம். தாய்க்குக் கூடுதல் சாப்பாடு, தண்ணீர். பால் நின்றுபோனவளுக்கு மறுபடி சுரக்க வைக்கும் பயிற்சி. தாயே இல்லாத குழந்தைக்கு மட்டும் சுகாதார ஊழியர் பார்த்து, வேண்டிய அளவு பால்மாவைத் தொடர்ந்து கொடுப்பார், அதுவும் பாட்டிலில் இல்லை, கப்பில். கப்பைக் கழுவுவது சுலபம், அவ்வளவுதான் காரணம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊட்டக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க, மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா. நம்ம அங்கன்வாடிகளிலும் சிலர் பார்த்திருப்பீர்கள். இடது கை முழங்கையை மடக்கச் செய்து, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அந்த இடத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. 12.5 வரை மஞ்சள். சட்டைக் கையின் மேலேயே சுற்றினாலும், லூசாக விட்டாலும் சிவப்புப் பிள்ளை மஞ்சளாகிவிடும், அதற்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை போய்விடும். இறுக்கி இழுத்தால் நேர் எதிர். இன்னொன்று, இரண்டு பாதத்திலும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்ப்பார்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம், நாடா பச்சை காட்டினாலும் கடுமையான நிலைதான். பசி எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வீட்டிலேயே கொடுக்க நிலக்கடலை விழுது பாக்கெட், 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பலம். சாப்பிட மறுக்கிற பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

“அந்த அமைப்பெல்லாம் சம்பளத்துக்கே காசைத் தின்கிறது” என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அந்த நாடாவைச் சரியாகச் சுற்றத் தெரிந்த பெண்ணுக்குக் கொடுப்பது சம்பளம்தான். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று சோதிக்கிறவருக்குக் கொடுப்பதும் சம்பளம்தான். நிவாரணப் பணிக்கான சர்வதேச அளவுகோல்களைத் தரும் ஸ்பியர் கையேடு சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். நம்ம வீட்டுப் பெரிய பிளாஸ்டிக் குடம் ஒன்று. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு கக்கூசுக்கு 20 பேர், அதற்கு மேல் போகக் கூடாது. கக்கூசுக்கு யாரும் மனமுவந்து நன்கொடை தருவதில்லை, போட்டோவுக்கு அழகாக இருக்காது. ஆனால் அது இல்லாத முகாமில் ராத்திரி பெண்பிள்ளைகள் இருட்டில் வெளியே போக வேண்டியிருக்கும்.

துணி மூட்டை பற்றிச் சுருக்கமாக. சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் கிடந்து நனைந்து வீணானது. லாரியும் ஆளும் அதைப் பிரிக்கவே செலவானார்கள். கடை திறந்திருக்கிற இடத்தில் பணம்தான் சரி. ஜோர்டானில் ஸாத்தாரி முகாமில் 2016-ல் தொடங்கி சிரியா அகதிகள் முகாம் கடையில் கருவிழியை ஸ்கேனரில் காட்டி, தங்கள் கணக்கில் இருந்த உதவித்தொகையில் பொருள் வாங்கினார்கள். எது வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரியே முடிவு செய்தாள். கடையே காலியாக இருக்கிற, வழி அடைக்கப்பட்ட இடங்களில் மட்டும் இது பலிக்காது. அங்கே பொருள்தான் போக வேண்டும், அதையும் மொத்தமாக வாங்கி அனுப்பத் தெரிந்தவர்கள் அனுப்பட்டும்.

அடுத்தது முகநூலில் இருக்கிற நமக்கு. தனியாக நிற்கும் பிள்ளையின் படத்தைப் போட்டு “ஷேர் பண்ணுங்க” என்று எழுதாதீர்கள். பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்பது கடத்துகிறவனுக்கும் தெரிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பிள்ளையைக் கண்ட இடத்திலிருந்து அவசரப்பட்டுத் தூரமாகக் கொண்டுபோக மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் முதலில் விசாரிப்பார்கள். போட்டிருந்த உடை, மச்சம், யாரோடு வந்தது, பாட்டியை எப்படிக் கூப்பிடும், வீட்டுப் பக்கத்தில் கோயிலா மாதாகோயிலா என்று எழுதி வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும், அதனால் அன்றைக்கே எழுத வேண்டும். பெற்றோரைத் தேடுவது செஞ்சிலுவையின் வேலை. நம் ஊரில் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரைக் காணவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளை அநாதை ஆகிவிடாது. அவசரமாக விடுதியில் சேர்ப்பதும் தத்துக் கொடுப்பதும் பெரிய அநியாயம்.

இந்த அமைப்புகள் மீதும் குறை உண்டு. அதில் பெரிய பங்கு பணம் வரும் விதத்தில் இருக்கிறது. செய்தி ஓடும்வரை காசு வரும், பிறகு நின்றுவிடும். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா அகதிகளுக்கு மாதம் ஆளுக்கு 12 டாலராக இருந்த உணவு உதவியை உலக உணவுத் திட்டம் 2023 மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைத்தது. காரணம் நிதி இல்லை. அதனால் கொடுப்பவர்கள் “இந்தப் பிள்ளைக்கு மட்டும்” என்று கட்டிப்போடாமல், மாதாமாதம் சின்னத் தொகையாகக் கொடுப்பது நல்லது.

நம்ம மாவட்டத்திலேயே பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாம்களை நடத்துவது மாநில அரசு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் முக்கியமாக விரும்பித் திரும்புகிறவர்களுக்கு உதவுகிறது. 2021-ல் அரசு பணக்கொடையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3,500. இதில் அவர்களுக்கு நம் பழைய சாரமும் சேலையும் எதற்கு? அங்கே தேவைப்படுவது காகிதம். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை கிடையாது, இலங்கைக் குடியுரிமைக்குச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அப்பா அம்மாவின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் வேண்டும். முகாம் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து என்றால் மறுபடி முதலிலிருந்து. நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ரயில் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, சத்தியப் பத்திரச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அடுத்த சேகரிப்புக்கு முன்னால் முகாம் தலைவரிடம் போய், இதில் எது யாருக்கு நிற்கிறது என்று கேளுங்கள்.