பாஸ் இருக்கு, ரயில்தான் இல்லை

ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்ற ஒரு பாஸ் வாங்கிவிட்டு, வழியைத் திட்டம் போட உட்கார்ந்தேன். போர்ச்சுகலின் லிஸ்பனும் தலைநகரம், ஸ்பெயினின் மாட்ரிட்டும் தலைநகரம். நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 500 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நேரடி ரயில் கிடையாது! முன்பு ஓடிய ராத்திரி ரயில் 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, திரும்பி வரவே இல்லை. இத்தனைக்கும் இரண்டு நாட்டுக்கும் சாதாரண ரயில் பாதைகளில் தண்டவாள அகலம்கூட ஒன்றுதான்.

இப்போது போர்ச்சுகலுக்குள்ளே என்ட்ரோன்கமென்டோவில் ஒருமுறை, எல்லை தாண்டி ஸ்பெயினின் படஹோஸில் ஒருமுறை என்று இறங்கி ஏற வேண்டும். பேப்பரில் "படஹோஸ், அடுத்த ரயிலுக்கு 1 மணி நேரம் இருக்கு" என்று எழுதி வட்டம் போட்டு வைத்தேன். எட்டிப் பார்த்த மனைவி, "ஏங்க, இது போர்ச்சுகல் மணியா, ஸ்பெயின் மணியா?" என்றாள். ஸ்பெயின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுது. வட்டம் போட்ட அந்த ஒரு மணி நேரம் அப்படியே காணாமல் போச்சு. ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி முதலிலிருந்து திட்டம்.

பாஸுக்குக் கொட்டிக் கொடுத்தாச்சே, ஏறி உட்கார்ந்தால் போதும் என்றுதானே நினைப்போம்? ஸ்பெயினின் அதிவேக ரயிலில் சீட்டுப் பதிவுக்குத் தனிக் காசு. இத்தாலியிலும் அதே கதை. நேப்பிள்ஸிலிருந்து பொம்பெய்க்கு எல்லோரும் போகிற அந்தச் சின்ன லோக்கல் ரயிலில் பாஸே செல்லாது. இதையெல்லாம் வாங்கும்போதே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன? அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்த்தது காசு கட்டின பிறகு.