ஏமாந்தது காதலி இல்லை, குடும்பம்

டிசம்பர் வந்தால், வீட்டாரை நம்பவைக்கக் காதலர்களாக நடிக்கும் இருவர் கதையோடு ஹாலிவுட் கிறிஸ்துமஸ் படம் எப்படியும் ஒன்று வந்துவிடும். அவர்கள் கடைசியில் நிஜமாகவே சேர்ந்துவிடுவார்கள் என்று போஸ்டரைப் பார்த்தாலே தெரியும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சேர்வதைப் பார்க்கத்தானே உட்கார்கிறோம். என் கோபம் வேறு. கூட்டத்துக்கு நடுவே அவன் மைக்கைப் பிடித்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான், கைதட்டல், முத்தம், பனி, படம் முடிந்தது. சரி, பொய் சொன்னது அவளிடமா? அது நடிப்பு என்று அவர்கள் இருவருக்கும் முதல் நாளே தெரியும். நம்பி ஏமாந்தது அந்த வீட்டு ஆட்கள். மருமகள் வந்துவிட்டாள் என்று பூரித்துப்போன அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்கிறார்களா?

1995இல் வந்த 'வைல் யூ வேர் ஸ்லீப்பிங்' படம் இதைச் சரியாகச் செய்தது. சிகாகோ ரயில் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பயணிகளிடம் கட்டண டோக்கனை வாங்கிப்போடும் வேலை பார்க்கும் லூசி (சாண்ட்ரா புல்லக்) யாருமற்றவள். தண்டவாளத்தில் விழுந்த பீட்டர் என்ற பயணியைக் காப்பாற்றப் போய், ஒரு நர்ஸ் தப்பாகப் புரிந்துகொண்டதால் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணாகிவிடுகிறாள். அவனோ கோமாவில் கிடக்கிறான். அவன் குடும்பம் கிறிஸ்துமஸுக்கு இவளை வீட்டுக்கே அழைத்துக்கொள்கிறது. அப்புறம் மனசு போவது அவன் தம்பி ஜாக் மேல்.

கண் விழித்த பீட்டரோடு கல்யாணம் நடக்கும்போது, தன் கல்யாணத்துக்குத் தானே ஆட்சேபம் சொல்கிறாள் பாருங்கள், அந்த இடம்தான் உண்மையான கிளைமாக்ஸ். ஜாக்கைக் காதலிப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மிச்சத்தை எல்லாம் அந்தக் குடும்பத்திடம்தான் பேசுகிறாள். தனியாக இருந்தவள் உங்களால் ஒரே நாளில் மகளானேன், பேத்தியானேன், அதை இழக்க மனசு வராமல்தான் உண்மையை மறைத்தேன் என்கிற அர்த்தத்தில். ஜாக் கிடைப்பான் என்ற உறுதி அப்போது அவளுக்கு இல்லை, கிடைத்த வீட்டையும் கையை விட்டுவிட்டுத்தான் பேசுகிறாள்.

அதனால்தான் டோக்கன் போடும் தட்டில் ஜாக் மோதிரத்தைப் போடும்போது அழுகை வருகிறது. அவன் தனியாக வரவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. கூடவே அவர்களும் வராமல் அவன் மட்டும் மோதிரத்தோடு வந்திருந்தால் அந்த முடிவு பாதிதான்.

ஒரே குறை, அந்தக் கல்யாணத்துக்கும் மோதிரத்துக்கும் நடுவே பீட்டரின் அம்மா எப்படி மனசு மாறினார் என்று காட்டவே இல்லை. அதற்கு இன்னும் பத்து நிமிஷம் நீட்டியிருந்தாலும் நான் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.