நிழலை வெட்டிவிட்டு நடைபாதை எதற்கு?

செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் நடந்தது நம்ம ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், வீடியோவும் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையை மறுபடி சொல்லவில்லை. ஏரிக்கரையில் நடைபாதை போடுவதற்காக மரங்களை வெட்டினார்கள். காலையில் நான் பஸ் ஏறும்போது இருந்த மரங்களில் ஒன்பது, சாயங்காலம் இறங்கி வரும்போது அடிக்கட்டையாகக் கிடந்தன. கோபத்தில் எதையும் எழுதக்கூடாது என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். நேற்று ராத்திரி ஊர் வாட்ஸப் குழுவில் ஒருவர் "நாலு புங்க மரத்துக்கு இவ்வளவு அழுகையா" என்று போட, அதற்குப் பதினேழு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

நடைபாதை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. விளக்கு போடுங்கள், பெஞ்சு போடுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நிழலை வெட்டிவிட்டு அந்த நடைபாதையில் யாரை நடக்கச் சொல்கிறீர்கள்?

பக்கத்து ஊரில் இதே மாதிரி பேவர் பிளாக் கல் பதித்து, உடற்பயிற்சிக் கம்பியெல்லாம் நட்டார்கள். போன மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் தம்பி பையனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். நாலே எட்டு. "அத்தை சுடுது" என்று நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கி ஒரு காலை ஊன்றி, மாற்றி மாற்றி நின்றான், ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துப் பார்த்தேன், கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அங்கே வேறு யாருமே இல்லை. பகல் முழுக்க வாங்கிய வெயிலை அந்தக் கல் ராத்திரி எட்டு மணி வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணும் மரமும் அப்படியில்லை. மரம் வெயிலை மறிக்கிறது, இலை வழியாக நீரை ஆவியாக விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. கத்திரி வெயிலில் புங்க நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நடைபாதை பற்றிப் பேசிய கூட்டத்தில் "பாண்டி பீச் ரோடு மாதிரி ஆக்கப் போகிறோம்" என்று சொன்னார்களாம். நான் தினமும் வேலைக்குப் போவது பாண்டிச்சேரிக்குத்தான். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்க விடுகிறார்கள், உண்மையிலேயே நல்லா இருக்கும். ஆனால் அங்கே எதிரில் கடல் இருக்கிறது! நமக்குக் கடற்காற்று வந்து சேரவே நேரமாகும். மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்றை உள்ளே விடாது, அன்றைக்கெல்லாம் நம்ம ஊர் அடுப்புதான். பாண்டியிலும் மத்தியானத்தில் ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், பாரதி பூங்கா மரத்தடியில் இருக்கிறார்கள்.

"மரத்தடியில் குடிக்கிறார்கள், பாட்டில் கிடக்கிறது" என்கிறீர்கள். கிடக்கிறது, நானே பொறுக்கிப் போட்டிருக்கிறேன். குடிப்பவரைக் கேட்க வாய் வரவில்லை, மரத்தை வெட்ட மெஷின் மட்டும் வருகிறதா? பாம்பு வரும் என்கிறார் இன்னொருவர். அண்ணா, சுற்றிலும் கரும்புக் கொல்லை.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. வேர் ஏரிக்கரையைப் பலவீனமாக்கும் என்று பொறியாளர்கள் சொல்வது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய மரங்கள் கரை மேல் இல்லை, வெளிப்பக்கம் சரிவு முடிகிற இடத்தில் இருந்தவை. அப்படியே வேர்தான் பயம் என்றால், வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டிருக்கிறார்களே, அது மக்கிப் பொந்து விழுந்தால் தண்ணீர் கசிய வழியாகாதா? இதைக் கேட்டதற்குத்தான் "மேடம் பாண்டியில் வேலை பார்க்கிறவங்க, அவங்களுக்கு ஊரைப் பத்தி என்ன" என்று பதில் வந்தது.

ஊரைப் பற்றி எனக்கு என்ன? சரி, சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. விடிந்து வெளியே வந்தால் நம்ம ஊருக்கே அடையாளம் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, நம்ம கரையில் ஒரு புளிய மரம் கூட மிஞ்சவில்லை. அடுத்த கோடையில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கஞ்சி குடிக்க ஒதுங்க இடமில்லாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்ததை எங்கள் அப்பா பார்த்தார். அந்த மழைக்காலத்தில் புங்கன், பூவரசு, வேம்பு என்று இருபத்து மூன்று கன்று நட்டார். ஆடு கடிக்காமல் முள் கட்டி, இரண்டு கோடைக்கு சைக்கிளில் இரண்டு குடம் மாட்டித் தண்ணீர் ஊற்றினார். யாரிடமும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. அவர் இப்போது இல்லை. அந்த நாலு மரம் என்று நீங்கள் சிரித்தது அதைத்தான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டு, தென்பெண்ணை தண்ணீர் நம்ம தெருவுக்குள் வந்ததே, அன்றைக்கு மாடுகளையெல்லாம் எங்கே ஓட்டிக் கட்டினீர்கள்? இப்போது சிரித்தவர்களில் மூன்று பேர் வீட்டு மாடு அந்த மரங்களில்தான் கட்டியிருந்தது. நானும் சேர்ந்துதான் கயிறு பிடித்தேன்.

"ஒன்றுக்குப் பத்தாக நட்டுவிடுவோம்" என்கிறார்கள். நடுங்கள், நானும் குழி வெட்ட வருகிறேன். ஆனால் அது நிழல் தரப் பத்து வருஷம் ஆகும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசே 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது, நாம் இருக்கிற நிழலை வெட்டுகிறோம். பத்து வருஷம் ஆறுமுகத் தாத்தா வயதுள்ளவர்கள் ஆடுபுலி ஆட எங்கே போவார்கள்? பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளைகள் சைக்கிள் பழகுவது அந்தக் கரையில்தானே? கடலூர் சில்வர் பீச்சுக்குப் போ என்கிறீர்கள், இரண்டு பஸ் மாறி தினமும் யார் போவது? என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வந்தால் இரண்டாம் நாளே கிளம்பிவிடுகிறான். "ஊர்ல வெளிய உட்கார ஒரு எடம் இல்லக்கா" என்கிறான். கரைக்குக் கூட்டிப்போனால் மட்டும் ராத்திரி வரை இருப்பான். தார் ரோடும் கால்வாயும் போட்டால் மட்டும் ஊர் இருக்கத் தகுந்ததாகிவிடாது, வீட்டுக்குள் வேகிறவன் வெளியே வந்து மூச்சுவிட ஒரு மரத்தடி வேண்டும்.

மீதிப் பதினான்கு மரத்திலும் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மெஷின் வருமாம். நான் லீவு சொல்லிவிட்டேன், ஆறு மணிக்கெல்லாம் பெரிய புங்கனடியில் இருப்பேன். நடைபாதையை மரத்துக்கு உள்பக்கமாக நாலடி தள்ளிப் போட இடம் இருக்கிறது, டேப் வைத்து அளந்துவிட்டேன். சிரித்த பதினேழு பேரும் வாருங்கள், உங்கள் முன்னாலேயே இன்னொரு தடவை அளந்து காட்டுகிறேன்.