விடியற்காலையில் சின்னவனை யார் பார்த்துக்கொள்வது?

பெண் கல்வி என்றாலே பள்ளிக்கூடம், கட்டணம், ஆசிரியர் என்ற மூன்றோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. வடசென்னையில் இந்த மூன்றுக்கும் பெரிய குறையில்லை. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நடந்துபோகிற தூரத்தில் மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது, கட்டணம் கிடையாது, மதியம் சோறு போடுகிறார்கள், 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டும் இலவசம். இவ்வளவு இருந்தும், எட்டாம் வகுப்புவரை நன்றாகப் படித்த பெண் ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டம் போடத் தொடங்கி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே நின்றுவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அவளுக்கு இல்லாமல் போவது நேரம் என்பதே என் உறுதியான எண்ணம்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்துக் கூடையில் வைத்து விற்கிற பெண் அந்த நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா கிளம்பியதும் மூத்த மகள் எழுந்து, தெரு அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாக மூன்று மாடி ஏற்றி, தம்பிக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடிக்கிறாள். அங்கன்வாடி திறந்து அவனை விட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடுகிறது. அவள் வகுப்புக்கு முதல் பாடவேளை கணக்கு. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரமே போய்விடும். "அவ இஸ்கூலுக்குப் போய்ட்டா சின்னவனை யாருக்கா பாத்துப்பா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டபோது, அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் மாநகராட்சியும்தான்.

குறிப்பிட்ட ஒரு தடையைக் கண்டுபிடித்து நீக்கினால் பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஊருக்கு வெளியே தொலைவில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வர பீகார் அரசு 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி கொடுத்தது. அந்த வகுப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியதைப் பொருளியல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். வங்கதேசம் 1994இல் கிராமப்புற மாணவிகளுக்கான உதவித்தொகையை நாடு முழுக்க விரித்தபோது, வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அதனால் மகளைப் பள்ளியில் வைத்திருப்பதே வீட்டுக்கு வருமானமானது. நம் புதுமைப்பெண் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். திருமணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கிய அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது எங்கள் பகுதிப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. ஆனால் அந்தப் பணம் கல்லூரி வாசல்வரை வந்து சேர்ந்தவளுக்குத்தான் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் இடுப்பில் தம்பியோடு நிற்பவளுக்கு எட்டாது.

ஆகவே மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய வார்டுகளிலாவது ஏல நேரத்துக்கே திறக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று கேட்கிறேன். மாடிவரை குழாய்த் தண்ணீர் ஏறுவதும் என் கணக்கில் கல்விச் செலவுதான். ஒற்றை அறை வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு விளக்குப் போட முடியாத பெண்ணுக்கு, அவள் தெருவிலேயே இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் படிப்பகம் வேண்டும். கொளத்தூரில் 2024இல் திறந்த, படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் போன்ற ஒன்று நல்லதுதான், ஆனால் இருட்டிய பிறகு காசிமேட்டிலிருந்து அவ்வளவு தூரம் யார் பெண்ணை அனுப்புவார்கள்?

ஏற்கெனவே படிப்பை விட்டவர்களையும் மறக்கக் கூடாது. திருமணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிற இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்கள் பலருக்குப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடிக்க ஆசை இருக்கிறது. விண்ணப்பம் எங்கே போடுவது என்று சொல்லவும், பாடம் நடத்தவும் ஆள் இல்லை. பள்ளிக் கட்டடங்கள் சனி, ஞாயிறு பிற்பகலில் பூட்டித்தான் கிடக்கின்றன. மீன் விற்று முடித்து, சமையலும் முடிந்த அந்த நேரத்தில் அங்கே வகுப்பு நடத்தட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று வாசல் பலகையிலேயே எழுதி வைக்கட்டும்.