பகலில் பூட்டி வைத்த விடுதி

ஹாஸ்டலில் இருந்த எல்லோரிடமும் ஒரு வார்டன் கதை இருக்கும். எங்கள் வார்டன் காலை ஒன்பதரைக்கு மாடி கேட்டைப் பூட்டினால் சாயங்காலம் நாலரைக்குத்தான் திறப்பார். காய்ச்சல் என்று பொய் சொல்லி உள்ளே படுத்துக் கிடந்து மாட்டியிருக்கிறேன். இப்படியெல்லாம் அவருக்கு மட்டும்தான் தோன்றும் என்று நினைத்திருந்தேன். மாஸ்கோவில் ஒருவர் இதையே கட்டடமாகக் கட்டி வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவர் பெயர் இவான் நிகலாயெவ். 1929-இல் ஜவுளிக் கல்லூரி மாணவர்கள் 2,000 பேருக்கு விடுதி வடிவமைக்கும் வேலை கிடைத்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. ரஷ்யப் புரட்சி முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம். கிராமத்துப் பிள்ளைகள் மாஸ்கோவில் வந்து குவிகிறார்கள், இடம் இல்லை. ஒரு மாணவருக்கு 50 கன மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. நிகலாயெவ் என்ன செய்தார்? தூங்கும் இடத்தைச் சுரண்டி, சேர்ந்து இருக்கும் இடத்துக்குக் கொடுத்தார்.

வரைபடத்தைப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எட்டு மாடித் தூங்கும் கட்டடம், சுமார் 200 மீட்டர் நீளம். எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக்கூடம், நூலகம், படிப்புக்கூடம். அதன் கூரை ரம்பப் பல் போல வெட்டி வெட்டி, வெளிச்சம் மேலிருந்து இறங்கும்படி. இரண்டையும் இணைக்கும் நடுக் கட்டடத்தில் குளியலறைகளும் உடை மாற்றும் இடமும், மேலே ஏற முக்கோணமாகச் சுற்றும் ஒரு சாய்தளமும். அந்தச் சாய்தளத்தின் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அலங்காரம் என்று ஒரு பொட்டு கிடையாது, ஆனாலும் அழகு.

சரி, அறைக்கு வருவோம். 2.7க்கு 2.3 மீட்டர். இரண்டு பேருக்கு. இரண்டு கட்டில், இரண்டு ஸ்டூல், முடிந்தது. மேசை, அலமாரி எதுவும் இல்லை. முதலில் இதைவிடச் சின்னதாக, ஜன்னலே இல்லாமல்தான் யோசித்திருக்கிறார், அது நடக்கவில்லை. நம்பாமல் டேப்பை எடுத்து என் வீட்டுக் கூடத்தில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். மூன்றடி அகலக் கட்டில் இரண்டைப் போட்டால் நடுவில் ஒன்றரை அடிச் சொச்சம் மிஞ்சுகிறது. ஒருவர் எழுந்து வேட்டி கட்ட வேண்டுமென்றால் மற்றவர் படுத்தே இருக்க வேண்டும்.

ஆனால் அங்கே உடை மாற்றவே கூடாது என்பதுதான் திட்டம். மணி அடித்ததும் தூங்கும் உடையோடு உடற்பயிற்சிக்குப் போக வேண்டும், வெயில் காலத்தில் மொட்டை மாடிக்கு. பிறகு குளியல், நடுக் கட்டடத்தில் உடை மாற்றும் இடத்திலிருந்து பகல் உடை, சாப்பாடு, படிப்பு. ராத்திரி வரை தூங்கும் அறைக்குள் நுழையத் தடை. பகல் முழுக்க அங்கே காற்று மட்டும் ஓடும். ராத்திரிக் காற்றில் ஓசோன் கலக்கலாம், தூக்கம் வர ஏதாவது சேர்க்கலாம் என்றுகூட அவர் திட்டத்தில் இருந்தது. எங்கள் வார்டன் இதைப் படித்திருந்தால் காலில் விழுந்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், 1931-இல் கட்டி முடிப்பதற்குள் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே மனசு மாறிவிட்டது. வாழ்க்கை முழுவதையும் ஒரே தாவலில் கூட்டு வாழ்க்கையாக மாற்றிவிட முடியாது என்று 1930 மே மாதமே மத்தியக் குழு கண்டித்துத் தீர்மானம் போட்டுவிட்டது. 1968-இல் பெலோபோல்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அறைகளைப் பெரிதாக்கினார். கட்டடம் பின்னர் எஃகு, உலோகக் கலவைக் கல்வி நிறுவனத்தின் கைக்கு வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு ஆளில்லாமல் பாழடைந்தது.

இந்த நூற்றாண்டில் நடந்த புனரமைப்பில்தான் சண்டை. தூங்கும் கட்டடத்தின் சுவர்களையெல்லாம் எடுத்து, இரும்புச் சட்டகம் மட்டும் நிற்கும் அளவுக்கு உரித்துவிட்டு, உள்ளே வேறு அறைகளைக் கட்டினார்கள். (எஃகு படிக்கிறவர்கள் கையில் எஃகு மட்டும் மிஞ்சியது!) இது பழைய கட்டடமே இல்லை, அதன் நகல் என்கிறார்கள் மரபுக் கட்டட ஆர்வலர்கள். கோபம் எனக்குப் புரிகிறது. அசல் சுவர் போனால் போனதுதான்.

ஆனால் அதே மாஸ்கோவில், நிதித்துறை ஊழியர்களுக்காகக் கட்டிய நார்கோம்ஃபின் என்ற அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். மொய்சேய் கின்ஸ்பர்க் 1930-இல் கட்டி முடித்ததை அவருடைய பேரன் அலெக்சேய், பூச்சைப் படலம் படலமாகச் சுரண்டி, பழைய நிறத்தைக் கண்டுபிடித்து, 2020-இல் மீட்டு முடித்தார். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. இன்று அங்கே வீடு வாங்க எவ்வளவு பணம் வேண்டும்? கூட்டு வாழ்க்கைக்காக யோசித்த வீடு பணக்காரர் முகவரியாகிவிட்டது. நிகலாயெவின் விடுதியிலோ சுவர் புதிது, இருப்பவர்கள் மாணவர்கள். வேறொரு கல்லூரி, வேறொரு தலைமுறை, அவ்வளவுதான். அசல் சுவர், உள்ளே மாணவர்கள், இந்த இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்குவேன். முதலாவதை விரும்புகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.

கூடத்தில் போட்ட கோட்டை இன்னும் அழிக்கவில்லை. வீட்டில் ஏச்சு. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு அதற்குள்ளேயே பாயை விரித்து இரண்டு மணி நேரம் தூங்கினேன்.