மூன்று படி மேலே போன மூக்கு

ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மூக்கு', ஓர் அதிகாரியின் மூக்கு காணாமல் போய், பெரிய உத்தியோகஸ்தர் வேஷத்தில் ஊர்சுற்றும் கதை. அதை மாய யதார்த்தத்தின் (நடக்காததை நடப்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லும் பாணியின்) முன்னோடி என்று ஒரே வரியில் சொல்லி மூடிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதில் மாயம் ஒரு சிட்டிகைதான், மீதியெல்லாம் சர்க்கார் உத்தியோகம். அந்தக் கணக்கு தெரியாமல் படித்தால் பாதிச் சிரிப்பு போச்சு.

1722இல் ரஷ்யாவின் ஜார் மன்னர் முதலாம் பீட்டர் அரசுப் பணியை 14 படிகளாக அடுக்கினார். 1 உச்சி, 14 அடி. மூக்கைத் தொலைத்த கவல்யோவ் 8ஆம் படி. கதை நடக்கும் காலத்தில் அந்தப் படியைத் தொட்டால் பரம்பரைப் பிரபுப் பட்டமே உண்டு. அதனால்தான் 1809இல் அதற்குப் பரீட்சையோ பல்கலைக்கழகச் சான்றோ வேண்டும் என்றார்கள். காகசஸ் மலைப் பிரதேசத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் சலுகை. கவல்யோவ் காகசஸ் வழியாகப் பதவி பிடித்தவர் என்று கோகோல் போகிறபோக்கில் சொல்வது சும்மா இல்லை, குத்தல். போதாததற்கு ஆசாமி தன்னை 'மேஜர்' என்றே சொல்லிக்கொள்வார். அதே படிக்கு ராணுவத்தில் உள்ள பெயர், காதுக்குக் கம்பீரம்.

இப்போது பீட்டர்ஸ்பர்க்கின் கசான் தேவாலயக் காட்சிக்கு வாருங்கள். தங்கச் சரிகைச் சீருடை, இடுப்பில் வாள், இறகு வைத்த தொப்பி சகிதம் மூக்கு பக்தியோடு ஜெபித்துக்கொண்டிருக்கிறது. தொப்பியை வைத்தே அது 5ஆம் படி என்று தெரிந்துவிடுகிறது. சொந்த மூக்கு, ஆனால் மூன்று படி மேல்! எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் மனிதர் இருமிப் பார்க்கிறார். மூக்கோ அவர் சீருடைப் பித்தான்களைப் பார்த்து, நீங்கள் வேறு இலாகா, நமக்குள் சம்பந்தமே இருக்க முடியாது என்று சொல்லித் திரும்பிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பில் முதலில் சாவது இந்த இடம்தான். இருவரையும் 'அதிகாரி' என்று போட்டுவிட்டால் ஏது சிரிப்பு?

தணிக்கையை உறுத்தியது தேவாலயம். 1836இல் கவிஞர் புஷ்கினின் பத்திரிகையில் வந்தபோது இந்தக் காட்சி கோஸ்தினி த்வோர் கடைத்தொகுதிக்கு மாறிவிட்டது.

முதல் வரைவில் எல்லாமே கனவு. ரஷ்ய மொழியில் மூக்கு 'நோஸ்', திருப்பிப் படித்தால் 'சோன்', அதாவது கனவு. கோகோல் அந்த முடிவை வெட்டியது பெரிய புத்திசாலித்தனம். கனவு என்றால் எல்லாரும் தப்பித்துவிடுவார்களே! மூக்கைக் காணோம் என்று விளம்பரம் போட்டால் பத்திரிகையின் பெயர் கெடும் என்று மறுத்துவிட்டு, ஆறுதலுக்கு மூக்கில்லாதவரிடமே பொடி டப்பியை நீட்டும் குமாஸ்தா, விழித்தபடிதான் அதைச் செய்ய வேண்டும்.

மூக்கைப் பிடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரும் போலீஸ்காரரும் அப்படியே. ரீகா நகரத்துக்கு வண்டியேறப் போன மூக்கை முதலில் பெரிய மனிதர் என்றே நினைத்தாராம். கண்ணாடி போட்ட பிறகுதான் மூக்கு என்று தெரிந்ததாம். வந்த காரியம் முடிந்தும் கிளம்பவில்லை. விலைவாசி ஏறிவிட்டது, வீட்டில் பிள்ளைகள், மாமியார் என்று இழுக்கிறார். கவல்யோவுக்குப் புரிகிறது. மேசையிலிருந்த சிவப்பு நோட்டு, பத்து ரூபிள், கைமாறுகிறது.