எத்தனை விநாடி என்று கேளுங்கள்

தீபாவளியன்று கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், மூளைப் பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத பெருமூளை வாதத்தோடு பிறந்த, நூறு மீட்டர் ஓடும் என் தங்கை மகனின் தோளைத் தடவி, "பாவம் பிள்ளை, ஓடுறதே பெரிய விஷயம்" என்றார். பதினேழு வயதுப் பையன், முறுக்குத் தட்டை அவரிடம் நீட்டிவிட்டு, பிறகு அடுப்படியில் என்னிடம் சொன்னான்: "மாமா, எத்தனை விநாடின்னு ஒருத்தரும் கேட்க மாட்டேங்கிறாங்க."

அவன் வருத்தம் நியாயமானது. வேகம் கூடக் கூட அவனுடைய வலப்பக்கத் தசைகளின் இறுக்கமும் கூடும். கை முழங்கையில் மடங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும், வலக்கால் எடுத்து வைக்கும் அடி குட்டையாகும். தொடக்கத் துப்பாக்கி வெடித்தால் உடல் முதலில் திடுக்கிட்டு விறைத்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். நூறு மீட்டரில் அந்த விறைப்புக்கு என்ன விலை என்பது ஓடுகிறவனுக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய கவலை, உடல் பாதிப்பைப் பொறுத்து ஓட்டக்காரர்களைப் பிரிக்கும் போட்டி வகுப்பு. தசை இறுக்கமோ தள்ளாட்டமோ கட்டுக்கடங்காத அசைவோ உள்ள, நின்று ஓடக்கூடியவர்களை டி35 முதல் டி38 வரை நான்கு வகுப்புகளில் சேர்க்கிறார்கள். வளரும் வயதில் தரப்படும் வகுப்பு பிறகு மறுபடி சோதிக்கப்படலாம். 2021இல் தோக்கியோவில், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில், டி37 நூறு மீட்டரை 10.95 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த அமெரிக்கர் நிக் மேஹியூகூடப் பின்னர் டி38க்கு மாற்றப்பட்டார். ஓட்டக்காரர் அவரேதான், ஆனால் எதிரில் நிற்பவர்கள் வேறு, வெல்லத் தேவையான நேரமும் வேறு.

நம் மலேசியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவரும் பெருமூளை வாதம் உள்ளவர்தான். பெர்லிஸ்காரரான முகமட் ரிட்சுவான், 2016இல் ரியோவில் டி36 நூறு மீட்டரை 12.07 விநாடியில் முடித்தார். 2018இல் ஜக்கார்த்தாவில் அதை 11.87 ஆக்கி உலகச் சாதனை படைத்தார். ரியோ வெற்றிக்குப் பிறகுதான் பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கு நிகரான ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. பணத்தில் வந்த அந்தச் சமத்துவம் நம் பேச்சில் இன்னும் வரவில்லை என்பதே என் ஆதங்கம். அவருடைய தன்னம்பிக்கையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், அந்த 0.20 விநாடியை எப்படிக் குறைத்தார் என்று எவரும் பேசிக் கேட்டதில்லை.

இவ்வளவும் எழுதும் நானும் யோக்கியன் அல்லன். போன சனிக்கிழமை பள்ளித் திடலில் அவன் எல்லைக் கோட்டைத் தாண்டியபோது, கைதட்டும் மும்முரத்தில் நிறுத்துகடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.